ஆளுக்கு ஒரு முழம்

செவல்பாறைக் கிளைச் சிறையின் மதில்சுவர் முதன்முதலாக நகர்ந்தபோது காலை பதினொன்றே முக்கால் மணி, நல்ல வெயில், பஜாரில் பாதி ஊர் நின்றுகொண்டிருந்தது, ஆனாலும் ஒருவரும் சத்தம் போடவில்லை, ஏனென்றால் சுவர் ஒன்றும் ஆர்ப்பாட்டமாக நகரவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ ஆட்டுரலைத் தள்ளிவைப்பதுபோல ஓர் உறுமல், கொஞ்சம் சுண்ணாம்புத் தூசி, பிறகு பார்த்தால் சுவர்மேல் இருந்த காக்கா பறக்காமலேயே ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தது. டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே பார்த்துவிட்டு, சுவரோரம் சைக்கிளை நிறுத்தியிருந்தவர்கள் அதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் எடுத்துப் போட்டுக்கொள்வது நல்லது என்று பொதுவாகச் சொன்னார்.

வெள்ளைக்காரன் காலத்தில் இருபத்துநாலு பேருக்கென்று கட்டிய சிறை அது. அன்றைக்கு உள்ளே சரியாக இருபத்துநாலு பேர் இருந்தார்கள். பஜாருக்கு அந்தப் பக்கம் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் இருபத்தைந்தாவது ஆளை ரிமாண்ட் செய்து பேனாவை மூடிய அதே நிமிடத்தில்தான் சுவர் நகர்ந்தது. இருபத்தைந்தாவது ஆள், பஸ் ஸ்டாண்டில் பூட்டு ரிப்பேர் பார்க்கும் ஆவுடையப்பன். அவர் செய்த குற்றம் மாதத்தின் இருபத்தொன்பதாம் தேதி பகல் மூன்று மணிக்கு நாற்பத்திரண்டு சாவிகளோடு உட்கார்ந்திருந்தது. சந்தேகக் கேஸ் மாதத்துக்குப் பத்து வேண்டும் என்று மேலிடத்தில் கேட்பார்கள், ஏட்டு பொன்னுலிங்கத்துக்கு அந்த மாதம் ஒன்பதுதான் தேறியிருந்தது, நாற்பத்திரண்டு சாவி வைத்திருப்பவனைச் சந்தேகப்படாமல் வேறு யாரைச் சந்தேகப்படுவது என்று அவர் நியாயமாகவே கேட்டார். பூட்டு ரிப்பேர்க்காரன் சாவி வைத்திருக்காமல் மண்வெட்டியா வைத்திருப்பான் என்று ஆவுடையப்பன் திருப்பிக் கேட்டதையும் ஏட்டு புகாரில் எழுதிக்கொண்டார், அரசு ஊழியரை எதிர்த்துப் பேசியது என்று.

அதற்குப் பிறகு மாஜிஸ்திரேட் ஒவ்வொரு ஆளுக்குக் கையெழுத்துப் போடும்போதும் நாலு பக்கமும் சுவர் ஒரே அளவு நகர்ந்தது. ஆள் வெளியே போகும்போது அது திரும்பி வருகிறதா என்று பார்க்க ஒருநாள் ஊரே கூடி நின்றது; சைக்கிள் திருடிய பையன் ஒருவன் விடுதலையாகி எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே போனான், சுவர் அசையவில்லை. உள்ளே வேண்டிய இடம் கிடந்த நாளிலும் புது ஆள் வந்தால் நகர்ந்தது. சுவருக்கு முன்னோக்கிப் போக மட்டும்தான் தெரியும் என்று ஊர் முடிவுசெய்தது. வழியில் இருந்த வீடு, வேப்பமரம், மாட்டுக் கொட்டில் எதையும் அது இடிக்கவில்லை, ஒரு ஓடு விரிசல் விடவில்லை. தண்ணீரில் கையை இழுப்பதுபோலப் போனது, இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அரசாங்க இன்ஜினீயர் ஒருவர் டேப்போடு வந்து மூன்று நாள் அளந்தார். மீட்டரில் அளந்தாலும் அடியில் அளந்தாலும் கணக்கு ஒத்துவரவில்லை, கடைசியில் வெயிலில் டேப் நீளுகிறது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அளவைக் கண்டுபிடித்தவள் ஆவுடையப்பனின் மனைவி சண்முகக்கனி. அவள் கோயில் வாசலில் பூ விற்கிறவள், இருபது வருஷமாக முழங்கை முனையிலிருந்து நடுவிரல் நுனிவரை வைத்து ஊருக்கே அளந்து கொடுத்தவள். பழைய சுவர் நின்ற தடத்துக்கும் புதுச் சுவருக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தாள், பூ அளக்கிற அவளுடைய முழம், நூல் பிசகவில்லை. ஆளுக்கு ஒரு முழம். அன்றையிலிருந்து சுவர் எவ்வளவு வந்திருக்கிறது என்று தெரியவேண்டியவர்கள் எல்லாம் அவளைத்தான் கூப்பிட்டார்கள், சிறை சூப்பிரண்டு தேவசகாயம் உட்பட.

ஆனால் கனிக்கு வேண்டியிருந்தது அளவு இல்லை, ஆள். புருஷன் வீட்டுக்கு வரவேண்டும், அது ஒன்றுதான். ஜாமீன் என்னவோ முதல் வாரத்திலேயே கிடைத்துவிட்டது. வக்கீல் கோமதிநாயகம் உத்தரவைக் கொண்டுவந்து காட்டி, இனி ஒன்றுமில்லை, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் போதும், இரண்டு பேருக்கும் சொந்த வீடு இருக்கவேண்டும், வீட்டு வரி ரசீது அவரவர் பேரிலேயே இருக்கவேண்டும் என்றார். அந்த ஒன்றுமில்லாததில்தான் செவல்பாறையில் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரில் வீடுகளுக்குக் குறைச்சலில்லை, ஆனால் எல்லா வீடும் செத்துப்போன தாத்தாக்கள் பேரில் இருந்தன, அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்திருந்தாலும் கோர்ட்டுக்கு வந்து கையெழுத்துப் போட முடியாது. தன் பேரிலேயே ரசீது வைத்திருந்தவர் மாவு மில் தங்கப்பழம் அண்ணாச்சி. அவர் மனம் கோணாமல் வருகிறேன் என்றார். இரண்டாவது ஆளுக்காகக் கனி நாலு மாதம் அலைந்து, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தாய்மாமன் மகனைக் கையைக் காலைப் பிடித்துக் கூட்டிவந்தாள். அவர் ரசீதும் கையுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கிய காலையில், செங்கல் சூளையில் வேலை பார்க்க வடக்கேயிருந்து வந்த நாலு பேர் ஒரு செல்போனுக்காகக் கட்டிப்புரண்டதாகப் பிடிபட்டு, நாலு பேரும் ஒன்றாக ரிமாண்ட் ஆனார்கள். சுவர் நாலு முழம் போனது. தங்கப்பழம் அண்ணாச்சியின் வீடு உள்ளே போய்விட்டது.

சிறைக்குள் குடியிருக்கிறவர் சிறையில் இருக்கிறவருக்கு எப்படி ஜாமீன் நிற்பது என்று கோர்ட்டில் கேட்டார்கள். கோமதிநாயகம் கேஸ் கட்டைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார். தாய்மாமன் மகன் அதே பஸ்ஸில் திரும்பிப் போனார்.

அப்படித்தான் அது நடந்தது. சுவர் வர வர ஜாமீன் நிற்கிறவர்கள் குறைந்தார்கள், அவர்கள் குறையக் குறைய உள்ளே இருந்தவர்கள் உள்ளேயே இருந்தார்கள், வாய்தாவுக்குக் கூட்டிப்போக எஸ்கார்ட் போலீஸ் இல்லை என்று வாய்தா தள்ளிப்போனது, இரண்டு மாதத் தண்டனைக்கான கேஸில் ஆறு மாதம் இருந்தார்கள், இதற்கிடையில் மாதக் கடைசி மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்தது.

உள்ளே போன வீடுகளுக்காகத் தேவசகாயம் சில சட்டங்கள் போட்டார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். வீட்டின் கதவு நம்பர் உள்ளே வந்தால் வீடு உள்ளே. சுவர் வந்த அன்றைக்கு வீட்டில் குடியிருந்தவர்கள் பேர் குடியிருப்போர் பதிவேட்டில் ஏறும், அவர்கள் காலையில் மணிக்கட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகலாம், சாயங்காலம் ஆறு மணிக்குக் கணக்கெடுப்புக்குள் வந்துவிட வேண்டும். கணக்கெடுப்பு என்றால் சிறை வழக்கப்படி எல்லோரும் குத்தவைத்து ஜோடி ஜோடியாக வரிசையில் உட்காரவேண்டும், வார்டன் தலையைத் தொட்டு ரெண்டு, நாலு, ஆறு என்று எண்ணிக்கொண்டு போவார். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டருக்கு ஜோடியாகச் செயின் பறித்தவர் வாய்த்தார். மூன்றே வாரத்தில் இருவரும் ஒன்றாகச் சீட்டுக்கட்டில் இஸ்பேட் ஆடினார்கள், ஹெட்மாஸ்டர் ஏமாற்றி ஆடுகிறார் என்று செயின் பறித்தவர் சூப்பிரண்டிடம் புகார் கொடுத்தார்.

அதோடு, சிறைக்குக் கரண்ட் போகாத தனி லைன். உள்ளே போன வீடுகளில் நாள் முழுக்க மின்விசிறி சுற்றியது, குழாயில் காலையில் தண்ணீர் வந்தது, எந்த வீட்டிலும் திருட்டுப் போகவில்லை. வெளியே இருந்தவர்கள் இதைச் சுவருக்கு மேலாகக் கேட்டார்கள், பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள். பிறகு, நாலு பக்கமும் ஒரே முழம்தான் என்று கனி சொன்னதையும் நம்பாமல், எங்கள் தெரு என்ன பாவம் செய்தது, சுவர் ஏன் மேற்கே மட்டும் மெதுவாக வருகிறது என்று கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தார்கள். அதற்கும் பிறகு ஒவ்வொருவராகப் பொன்னுலிங்கத்தின் ஸ்டேஷனுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, பக்கத்துத் தெருக்காரன் ஒருவனுடைய நடமாட்டம் சரியில்லை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இருபத்தாறு வருஷ சர்வீஸில் கேஸைத் தேடி அலைந்த ஏட்டுக்குக் கேஸ்கள் கல்யாணப் பத்திரிகை மாதிரி வீடு தேடி வந்தன. அவருக்கு அது பெருமையாகவும் இருந்தது, சாப்பாடு இறங்காமலும் இருந்தது.

கனி மனசு மாறிய நாள் ஒன்று உண்டு. கோயில் தோட்டத்தில் இளநீர் பறித்த கேஸில் உள்ளே இருந்த ஒருவரின் வீடு சுவருக்குள் வந்தது. இருபத்துநாலு பேர் படுக்கிற கொட்டடியில் நூற்றுச் சொச்சம் பேர் ஒருக்களித்துப் படுத்துக்கிடக்க, வீடு உள்ளேயே இருக்கிறவன் வீட்டில் போய்ப் படுத்தால் என்ன, அவன் மதிலுக்குள்தானே இருக்கிறான் என்று தேவசகாயம் அனுமதித்துவிட்டார். மனுப் போட்டுப் புருஷனைப் பார்க்கப் போன கனி, அந்த மனுஷர் தன் வீட்டு வாசலில் தன் கைலியைத் தன் கொடியில் காயப்போடுவதைப் பார்த்தாள். அதுவரை சுவர் நிற்கவேண்டும் என்று கும்பிட்டவள் அன்றையிலிருந்து வரவேண்டும் என்று கும்பிட்டாள். சிறைக்குப் பின்புறம் வண்டிப்பேட்டைத் தெருவில் அவள் வீடு. முதல் சுவர்த் தடத்திலிருந்து அவள் கதவு நம்பருக்கு நூற்றுப்பன்னிரண்டு முழம். தினமும் பூ விற்று முடித்ததும் மீதியை அளந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

அந்த வீட்டுக்கு முதுகு சிறைப் பக்கம், முகம் தெருப் பக்கம். அதனால் முதலில் அடுப்படி போனது. ஆறு வாரம் சுவர் அவள் வீட்டுக்கு நடுவே நின்றது. சமைக்கவேண்டுமானால் தெருவைச் சுற்றிப் பெரிய கேட்டுக்குப் போய், மனுக் கொடுத்து, மணிக்கட்டில் முத்திரை வாங்கி, வார்டன் துணையோடு தன் அடுப்படிக்கு வரவேண்டும்; தாளித்து இறக்கிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அதே வழியில் திரும்பி, இந்தப் பக்கம் வந்து சாப்பிடவேண்டும். பாதி வீடு வீடே இல்லை என்பது சட்டம், அதனால் ஆவுடையப்பன் அங்கே வரக்கூடாது. வார்டன் வரலாம். வார்டன் ருசி பார்த்தது போகத்தான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது, புளி தூக்கலாக இருக்கிறது என்று அவர் குறை வேறு சொன்னார்.

கடைசியில் சுவர் வாசற்படியைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஒரு முழம் பாக்கி. அன்றைக்கு மாதம் மூன்றாம் தேதி.

கனி ஸ்டேஷனுக்குப் போனாள். பொன்னுலிங்கம் அவளுக்கு எதிர்வீட்டுக்காரர்தான், ஆனாலும் இந்த எட்டு மாதமாக அவள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, அவர் அவள் வாசலைப் பார்ப்பதில்லை.

“ஏட்டையா, இன்னும் ஒரு முழம்தான் இருக்கு,” என்றாள்.

“மாசம் இப்பத்தானம்மா பொறந்திருக்கு. இருவத்தஞ்சுக்கு மேல வா, ரெண்டு முழமாவே வாங்கிட்டுப் போ.”

“ஒரே ஒரு ஆளு.”

ஏட்டு பேப்பரை எடுத்து மேஜையில் நீவிவைத்தார். “சரி, பேரச் சொல்லு. எழுதுதேன்.”

சண்முகக்கனி யோசித்தாள். ஊரில் அவளுக்குத் தெரியாத பேரில்லை. ஆனால் ஒவ்வொரு பேரோடும் ஒரு கொண்டை வந்தது, ஒரு சடை வந்தது, ஒன்றரை முழம் கேட்கிறவள், கனகாம்பரம் கலந்து கேட்கிறவள், புருஷன் வாங்கி வரச்சொன்னதாகப் பொய் சொல்லித் தானே வாங்கிக்கொள்கிறவள். எந்தப் பேரை எடுத்தாலும் அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு தலையில் பூ இருக்காது.

“பேரு ஒண்ணும் வாயில வரமாட்டேங்குது ஏட்டையா.”

“மாசத் தொடக்கத்துல எனக்கும் அப்படித்தாம்மா,” என்று அவர் பேப்பரைத் திரும்ப உள்ளே வைத்தார்.

அவள் சொல்லாத பேரை மறுநாள் ஒரு பஸ் டயர் சொன்னது. தங்கப்பழம் அண்ணாச்சி முத்திரை வாங்கிக்கொண்டு கோவில்பட்டிக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனவர், திரும்பும் வழியில் பஸ் பஞ்சரானதால் ஆறு மணிக் கணக்கெடுப்புக்கு வரமுடியாமல் ஏழே காலுக்குத் தாம்பூலப் பையோடு கேட்டுக்கு வந்து சேர்ந்தார். கணக்கில் ஒரு தலை குறைந்திருந்தது, தேவசகாயம் அதற்குள் புகார் எழுதி முடித்திருந்தார், சிறைப் புகாரைக் கிழிக்க அவருக்கு அதிகாரமில்லை. கைதி இல்லாத ஒருவர் சிறையிலிருந்து தப்பிக்க முடியுமா என்று மாஜிஸ்திரேட் வெகுநேரம் யோசித்தார், யோசனையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டார். சுவர் உறுமிக்கொண்டு ஒரு முழம் நகர்ந்தது. கனியின் கதவு நம்பர் உள்ளே வந்தது.

கனி ஓடிப்போய் அண்ணாச்சியின் முன்னால் நின்று அழுதாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “எதுக்கு அழுத? இத்தன நாளா உக்காந்த அதே எடத்துலதான் இன்னிக்கும் உக்காரப்போறேன். இப்ப சோறும் சர்க்காரே போடுது,” என்றார்.

ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்தார். கதவுப் பூட்டைத் தொட்டுப் பார்த்து, எண்ணெய் போடாமல் விட்டிருக்கிறாயே என்றார். பதினொரு நாள் இருவரும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஜோடியாகக் குத்தவைத்து உட்கார்ந்து, வார்டன் தலையைத் தொட்டுவிட்டுப் போனதும் எழுந்து வீட்டுக்குப் போய் மின்விசிறிக்கு அடியில் சாப்பிட்டார்கள். கல்யாணமான புதிதில்கூட அவர் இவ்வளவு நேரத்தோடு வீட்டுக்கு வந்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் எஸ்கார்ட் போலீஸ் கிடைத்துவிட்டது. கோர்ட்டில் புகாரை முதன்முறையாக முழுசாகப் படித்த மாஜிஸ்திரேட், பூட்டு ரிப்பேர்க்காரன் சாவி வைத்திருப்பதில் குற்றம் தெரியவில்லை, குற்றமே இருந்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் போகாது, எட்டு மாதம் ஆகிவிட்டது என்று விடுதலை செய்தார். கோமதிநாயகம் ஜெயித்துவிட்டதாக எல்லோருக்கும் கை கொடுத்தார்.

கேட்டில் தேவசகாயம் ஆவுடையப்பனை நிறுத்தினார். விடுதலையான ஆளை மதிலுக்குள் வைத்தால் அது சட்டவிரோதக் காவல், தன் வேலை போய்விடும் என்றார். வீடு உள்ளே இருக்கிறது என்றார் ஆவுடையப்பன். தேவசகாயம் பதிவேட்டைத் திருப்பி வருத்தத்தோடு காட்டினார்: சுவர் வந்த அன்றைக்கு அந்த வீட்டில் குடியிருந்தவர் சண்முகக்கனி ஒருத்திதான், ஆவுடையப்பன் பேர் கைதிகள் பதிவேட்டில் இருந்தது, அதை இன்று காலையில்தான் அடித்தார்கள். புதிதாகப் பேர் சேர்க்க மேலே எழுதவேண்டும், எழுதினால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும், கேள்வி என்றால் அவருக்குப் பயம்.

ஆகவே சுதந்திர மனிதர் பஸ் ஸ்டாண்டில் தன் பெட்டிக்கடையில் முழங்காலை மடக்கிப் படுத்தார். பகலில் கனி தூக்குவாளியில் சோறு கொண்டுபோவாள். சாயங்காலம் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே ஓடுவாள். நீயும் வெளியே வந்துவிடேன் என்று அவர் ஒருநாள் சொன்னார், வந்தால் எங்கே, நீங்கள் படுத்திருக்கிற இடமும் வர்ற வருஷம் உள்ளேதான் என்று அவள் கேட்டாள். கணக்கெடுப்பில் அவள் வரிசைக் கடைசியில் ஒற்றையாக உட்கார்ந்தாள், வார்டன் அவளிடம் வந்து எண்ணிக்கை தட்டி, தினமும் முதலிலிருந்து எண்ணினார்.

அந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதி பகல் மூன்று மணிக்கு ஆவுடையப்பன் நாற்பத்திரண்டு சாவிகளையும் வளையத்தில் கோத்து எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். கனியும் கூடப் போனாள்.

“எழுதுங்க ஏட்டையா. போன தடவ எழுதுனதே போதும்,” என்றார்.

பொன்னுலிங்கம் சாவிகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஒரு டீ வாங்கிவரச் சொல்லி இரண்டாக ஆற்றிக் கொடுத்தார். வீடு தேடி வந்த கேஸ்கள் ஓய்ந்துபோய், இந்த மாதமும் பத்தாவது ஆள் வரவில்லைதான். பேனாவை எடுத்தவர் என்னவோ நினைத்துக்கொண்டு கனி பக்கம் திரும்பினார். சுவர் இப்போது தெருவைத் தாண்டி, எதிர்வரிசை ஓரமாக நின்றது.

“அடுத்த முழம் எங்கம்மா வரும்?”

“உங்க வாசப்படிக்கு ஏட்டையா. உங்க வீடு தெருவப் பாத்த வீடு. படி வந்தா நம்பர் வந்துரும்.”

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். வீட்டில் அவர் மனைவி கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, எதிர்வீட்டுப் பூக்காரிக்குக்கூட மின்விசிறி சுற்றுகிறது என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருப்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்கலாம். தான் எழுதிய நூற்றுச் சொச்சம் பேப்பர்களும் ஞாபகம் வந்திருக்கலாம். கடைசியில் தலையைக் குனிந்து, சந்தேகத்துக்கு இடமான வகையில் என்று ஆரம்பித்து, ஒரு எழுத்து மாறாமல் எழுதினார். மண்வெட்டிக் கேள்வியை மட்டும் இந்தத் தடவை சேர்க்கவில்லை.

நாலரை மணிக்குக் கையெழுத்தானது. சுவர் உறுமியது.

அன்று ஆறு மணிக்கு ஏட்டு பொன்னுலிங்கம் காக்கிச் சட்டையோடு, மணிக்கட்டில் ஈரம் காயாத ஊதா முத்திரையோடு கணக்கெடுப்புக்கு வந்தார். அவர் மனைவி அன்றே உள்ளே வந்த பக்கத்து வீட்டுச் சிநேகிதியோடு முன்வரிசையில் ஜோடி சேர்ந்துவிட்டாள். உள்ளே இருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள், அத்தனை பேரையும் அவருக்குத் தெரியும். தங்கப்பழம் அண்ணாச்சி, “முழங்கால அகட்டி உக்காருங்க ஏட்டையா, இல்லன்னா மரத்துப்போகும்,” என்று சொல்லிக்கொடுத்தார். அவர் வரிசைக் கடைசியில், கனிக்கும் ஆவுடையப்பனுக்கும் பின்னால், நேற்றுவரை கனி ஒற்றையாக உட்கார்ந்த இடத்தில் ஒற்றையாக உட்கார்ந்தார். வார்டன் அங்கே வந்து நின்று, தலையைச் சொறிந்து, சூப்பிரண்டைப் பார்த்தார். இன்னொரு தடவை முதலிலிருந்து எண்ண யாருக்கும் தெம்பில்லை. தேவசகாயம் சுற்றுமுற்றும் பார்த்தார், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டு, ஏட்டுக்குப் பக்கத்தில் குத்தவைத்தார். வார்டன் இரண்டு தலையையும் தொட்டு எண்ணிக்கையைச் சொன்னார்.

முன்னால் ஆவுடையப்பன் திரும்பாமல் கேட்டார்.

“ராத்திரிக்கு என்ன?”

“கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு.”

“பேச்சு என்ன பேச்சு,” என்று வார்டன் அதட்டினார். பின்வரிசையில் சூப்பிரண்டும் வாயை மூடிக்கொண்டார்.